லைன் வீடும் லயத்துக் காம்பராவும்

கோயம்புத்தூரில் சம்பளம் குறைந்தவர்கள் வாடகைக்குத் தேடுவது ‘லைன் வீடு’. அதே ஆங்கிலச் சொல்தான் இலங்கை மலையகத் தோட்டங்களில் ‘லயன்’, ‘லயம்’ என்று வழங்குகிறது. ஒரே கூரை, வரிசையாக அறைகள், பொதுக் கக்கூஸ், பொதுக் குழாய். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் இங்கே மாதம் பிறந்தால் வாடகை. அங்கே வாடகையே கிடையாது.

சிங்காநல்லூர்ப் பக்கம் நான் சில காலம் இருந்த லைனில் எட்டு வீடு. ஒரு ரூம், அதை ஒட்டி ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய அடுப்படி. மில்காரர்கள் இருந்த வரிசையில் இப்போது பவுண்டரிக்கும் பட்டறைக்கும் வந்த ஒடிசா, பீகார் பையன்கள். நல்ல தண்ணி விடுகிற ராத்திரி யாரும் தூங்க மாட்டோம். வாசல் நெடுகக் குடம் நிற்கும்.

எட்டு வீட்டுக்கும் ஒரே கரண்ட் சர்வீஸ். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருகிறது. அந்த ஒரு சர்வீஸுக்குக் கிடைப்பதை எட்டாகப் பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? சப் மீட்டர் காட்டுகிற யூனிட்டுக்கு ஓனர் சொன்ன ரேட்டைத்தான் நாங்கள் கட்டினோம். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. 4,000 ரூபாய் வாடகைக்கு 40,000 ரூபாயைப் புரட்ட, பலர் வட்டிக்குத்தான் போகிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாகப் பேசிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

“ஏனுங்க, அக்ரிமெண்ட் ஒண்ணு போட்டுக்கலாங்களா?”

“அதெல்லாம் எதுக்குங்க தம்பி, வாய் வார்த்தை போதாதுங்களா?”

அந்தத் தாள் இல்லாமல் நான் ஆதாரில் முகவரி மாற்ற முடியாமல் அலைந்தேன். இருக்கிற வீடு என் பெயரோடு ஒட்டவே இல்லை.

மலையகத்தில் இந்த ஒட்டாமை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. காப்பித் தோட்டக் காலத்தில் வெள்ளைக்காரர் கட்டிய லயங்கள் அவை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா என்கிற அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம், தண்ணீருக்குப் பீலி என்கிற குழாய். தோட்டத்தில் பேர் பதிந்தவருக்குத்தான் காம்பரா. வேலையோடு வீடும் கட்டுண்டு கிடந்ததால், தோட்டத்தை நடத்தும் துரையை எதிர்த்துப் பேசினால் கூரைக்கும் ஆபத்து. கடிதம்கூடத் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். வாடகை இல்லை என்பதை மலிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் காசு குறைந்த கூலியிலேயே பிடிக்கப்பட்டுவிட்டது.

அண்மைக் காலத்தில் அங்கே ஒரு நல்ல மாற்றம். 7 பேர்ச் காணியும் தனி வீடும், உறுதிப் பத்திரத்தோடு தரும் திட்டம் தொடங்கியது. இந்திய உதவியில் 4,000 வீடுகள். மேலும் 10,000 என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்தார். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, பல குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான். 7 பேர்ச் என்பது நம் கணக்கில் நாலே கால் சென்டுக்குச் சற்று மேல். கோவையில் அவ்வளவு இடம் கிடைத்தால் ஒரு லைனே எழுப்பிவிடுவார்கள்.

கோவைக்கு நான் கேட்பது பெரிதல்ல: ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் தனி மீட்டர், கையெழுத்திட்ட ஒரு தாள். வாடகை நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

இரண்டு லைன்களையும் பார்த்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு வால்பாறை அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது, கூடவே தோட்டத்து லைனில் வீடும். பணி ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்ய வேண்டும். அப்படி மலையிறங்கிக் கோவைக்கு வருகிற குடும்பத்தில், பணிக்கொடையிலிருந்து முதலில் எடுத்து வைப்பது லைன் வீட்டு அட்வான்ஸ்.