எலும்பு எல்லோருக்கும் ஒன்றுதான்

எழுத வருகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. உன் வகையில் யார் ஜெயித்திருக்கிறார்களோ அவர்களைப் படி, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார், நீயும் செய். நல்ல அறிவுரைதான். ஆனால் 'என்ன செய்கிறார்கள்' என்பதை எப்படிப் பார்ப்பது? அதை யாரும் சொல்லித் தருவதில்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் பிறந்த ஒரு கவிராயரை வைத்து இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக்கினார். தமிழில் குறவஞ்சி நூல்கள் எத்தனையோ உண்டு. இலக்கிய மாணவர் அல்லாத ஒருவருக்குத் தெரிந்த குறவஞ்சி பெரும்பாலும் இது ஒன்றுதான்.

ஏன் இது மட்டும்?

முதலில் தோன்றுகிற வழியில் போய்ப் பார்ப்போம். நூலைப் பிரித்து, என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளலாம். கட்டியக்காரன் வருகிறான். தலைவன் உலா வருகிறான். பந்தாடிக்கொண்டிருக்கும் தலைவி அவனைப் பார்த்துக் காதல் கொள்கிறாள். நிலவைத் திட்டுகிறாள், மன்மதனைத் திட்டுகிறாள். தோழியைத் தூது அனுப்புகிறாள். குறத்தி வருகிறாள், தன் மலையின் வளத்தைச் சொல்கிறாள், கைபார்த்துக் குறி சொல்கிறாள், நகைகளைப் பரிசாக வாங்கிக்கொள்கிறாள். அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்க வந்து, வேலையை மறந்து அவளைத் தேடி அலைகிறான். கண்டுபிடிக்கிறான், கேள்வி கேட்கிறான், சேர்கிறார்கள். முடிந்தது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேறு குறவஞ்சிகளைத் திறந்தால் ஏறக்குறைய எல்லாமே அங்கேயும் இருக்கும். ஊரும் சாமியும் மாறும், அவ்வளவுதான். அப்படியானால் நாம் இவ்வளவு சிரத்தையாகக் குறித்துக்கொண்டது ஜெயித்ததன் காரணம் அல்ல, அந்த வகையின் எலும்புக்கூடு. ஜெயித்தவரிடம் இருப்பது தோற்றவரிடமும் இருந்தால் அது வெற்றிக்குக் காரணமாக முடியாது. வென்ற நூலை மட்டும் படிக்கிறவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. தோற்றதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தெரியும்.

சரி, கவிராயரின் திறமைதான் காரணம் என்று சொல்லிவிடலாமா? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. அதே கவிராயர் குற்றாலத்தைப் பற்றித் தலபுராணம் எழுதியிருக்கிறார், மாலை, சிலேடை வெண்பா, யமக அந்தாதி என்று இன்னும் பலவும் எழுதியிருக்கிறார். அதே ஆள், அதே மலை, அதே அருவி, அதே குற்றாலநாதர். யமகமும் சிலேடையும் சாதாரண வித்தை இல்லை. புலமையைக் காட்ட வேண்டுமென்றால் குறவஞ்சியைவிட அவைதான் சரியான இடம். ஆனாலும் அவற்றை இன்று தேடிப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு. ஆகவே திறமை மட்டும் என்றும் சொல்ல முடியவில்லை. 'சொந்த ஊரைப் பற்றி எழுது' என்கிற இன்னொரு பிரபலமான அறிவுரையும் இங்கே பாதியில் நின்றுவிடுகிறது.

எனக்குத் தெரிகிற வித்தியாசம், யார் பேசுகிறார்கள் என்பதில் இருக்கிறது. தலபுராணத்தில் பேசுவது புலவர். குறவஞ்சியில் பேசுவது பசித்த ஒரு பெண். வசந்தவல்லியின் முன்னால் வந்து நிற்கும் குறத்தி, யார் எதிர்த்தாலும் ஜெயிப்பேன், மன்னர்கள் மெச்சும் குறவஞ்சி நான் என்று பீற்றிக்கொள்கிறாள். அதே மூச்சில் வயிற்றுக்குக் கஞ்சி கேட்கிறாள். கூழாக இருந்தாலும் சரி, பெரிய குடுக்கை நிறையக் குடிப்பேன் என்கிறாள். பிறகு வெற்றிலையும் பாக்கும் அள்ளித் தரச் சொல்கிறாள். கடைசியில் கப்பலில் வந்த சீனச் சரக்கு துளி கிள்ளிக் கொடு என்கிறாள்! 'குறத்தி பரிசு கேட்டல்' என்கிற சடங்கான பாகத்துக்குள் ஒரு மனுஷி வந்துவிட்டாள். கஞ்சியில் ஆரம்பித்துச் சீனச் சரக்கில் முடிகிற அந்த ஏற்றம் இலக்கணத்தில் இல்லை, காதில் விழுந்து வந்தது.

சிங்கன் சிங்கி உரையாடலும் அப்படித்தான். மனைவியின் காலில் கிடக்கும் சிலம்பு அவன் கண்ணுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது. சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கினேன் என்று அவள் பதில் சொல்கிறாள். ஒவ்வொரு நகையாக இது தொடர்கிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் சம்பாதித்து வந்தவள் மனைவி, சந்தேகத்தோடு விசாரிக்கிறவன் ஒன்றும் பிடிக்காமல் நிற்கும் கணவன் என்பது சிரிப்புக்கு நடுவே உறைக்கிறது. அவளுடைய குரலை எழுதியவர் ஒரு கவிராயர், அவள் அல்ல என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை. இரவல் குரல்தான். என்றாலும் உன்னிப்பாகக் கேட்டு வாங்கிய இரவல்.

தாமிரபரணிக் கரையின் முக்கூடற் பள்ளுக்கும் இது பொருந்தும். பள்ளு நூல்கள் பல இருந்தும் முக்கூடல் நிலைத்ததற்கு மூத்த பள்ளி, இளைய பள்ளி இருவரின் வாய்ச்சண்டை ஒரு முக்கியக் காரணம். சண்டை மற்றப் பள்ளுகளிலும் உண்டு; இங்கே அது நிஜமாகவே சுடுகிறது.

வகையை வேறு மாதிரி கற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரும் சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர்கள். சரபோஜி மராத்தியில் தேவேந்திர குறவஞ்சி எழுதினார். ஊர் ஊராகப் போகிறவள் குறத்தி. ஆகவே அவள் வாயால் உலக பூகோளத்தையே சொல்ல வைத்துவிட்டார். வேதநாயகர் பெத்தலகேம் குறவஞ்சியில் தேவமோகினியைக் கிறிஸ்துவின் மேல் காதல் கொள்ள வைத்தார். இந்தப் பாகம் 'எப்படி இருக்கிறது' என்று பார்த்தவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினார்கள். 'இது என்ன வேலை செய்கிறது' என்று கேட்ட இவர்கள் இருவரும் அந்த வகையையே வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். கவிராயர் அளவுக்கு அவர்கள் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். கற்றுக்கொண்ட விதம் சரி.

கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்த ரசிகமணி டி.கே.சி.யிடம் போயிருந்தால், இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, பாட்டைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றிருப்பார் என்று நினைக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. வசந்தவல்லி பந்தாடும் பாடலைச் சத்தமாகச் சொன்னால் பந்தின் வேகம் நாக்குக்கே வந்துவிடும். கண்ணால் படித்து அதைப் பிடிக்க முடியாது. ஆனால் ரசிகனுக்கு நல்லது மட்டும் போதும். எழுதுகிறவனுக்கு, சுமாரானதையும் வாய்விட்டுச் சொல்லி, எந்த அடியில் நாக்கு சலித்துப்போகிறது என்று பார்க்கிற பொறுமையும் வேண்டும்.

இன்றைக்குப் புதிதாக வரும் கதைகளில் பாதி, பேசப்பட்ட ஏதோ ஒரு கதையின் எலும்புக்கூட்டோடு வருகின்றன. அதே மாதிரித் தொடக்கம், அதே வட்டார வழக்கு, அதே மௌனமான முடிவு. எழுதியவர் சோம்பேறி இல்லை, நிறையப் படித்தவர்தான். ஜெயித்தவற்றை மட்டும் படித்திருக்கிறார் என்பதே பிரச்சனை. ஒரு வேலை செய்து பாருங்கள். குற்றாலக் குறவஞ்சி மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் படிக்கிற அதே வாரத்தில், யாரும் பேசாத வேறொரு குறவஞ்சியையும் முழுசாகப் படியுங்கள். அங்கே வரும் குறத்தி என்ன கேட்கிறாள், எதைச் சாப்பிடுகிறாள் என்று மட்டும் பாருங்கள். அதன்பிறகு உங்கள் கதையில் பேசுகிறவரிடம் திரும்புங்கள். அவருக்குப் பசிக்கிறதா என்று கேளுங்கள்.