படிகத்தில் ஒரு சிறகுச் சிறுவன்

மரக்காணத்து உப்பளக் கரையில் நின்று தெற்கே நோக்கின் யவனர் வாணிகம் நினைவுக்கு வராமற் போகாது. பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் குறிக்கும் சோபட்மா இவ்வூரே என்றும், அதற்கு முன் வரும் பொதுகே புதுவையை அடுத்த அரிக்கமேடு என்றும் கூறுவர் அறிஞர். 1945இல் வீலர் அகழ்ந்தாய்ந்த அம்மேட்டில் கிடைத்தவற்றுள் ஒன்று, சிறகுடைய சிறுவனும் பறவையும் செதுக்கிய படிகக் கல். கிரேக்கர் ஈரோஸ் என்றும் உரோமர் கியூபிட் என்றும் வழங்கிய காதற்கடவுள் அவன்.

கல்லின் விளிம்பு செப்பனிடப்படவில்லை. ஆதலின் வேலை அங்கேயே நடந்தது என்பது பொருந்தும். ஆனால் செதுக்கியவன் மேலைநாட்டானே என முடிவு கட்டுவது நமக்கு உடன்பாடன்று. உருவம் யவனருடையது, அதனாலேயே கையும் யவனருடையது ஆகிவிடாது. கல்மணிகளைத் துளையிட்டு மெருகேற்றிய தொழிலாளர் அவ்வூரிலேயே இருந்தனர். கடுங்கல்லோடு பழகிய அவர்கள், வந்தவர் காட்டிய மாதிரியைப் பார்த்துச் செதுக்கியிருத்தல் கூடாதா? கல் விடை கூறவில்லை. அது கூறாத இடத்தில் உள்ளூர்த் தொழிலாளியை ஒதுக்கிவிட்டு எழுதுவது ஆராய்ச்சியாகாது.

உப்பு விளைவித்தவன் பெயர் எந்த மூட்டையிலும் இல்லை. அதனால் அவ்வுப்பு வேற்றூரில் விளைந்தது என்போமா?