பசித்த பேய்களும் ஒரு காதலும்

கிரேக்கக் காவிய வீரர் அக்கிலீசையும் பற்றோக்கிளசையும் காதலராக்கி மடலின் மில்லர் 2011இல் நாவல் எழுதினார். கொழும்பில் பிறந்த ஷியாம் செல்வதுரையோ பௌத்தக் கதைகளை எடுத்துக்கொண்டார். 2013இல் வெளிவந்த அவரது ஆங்கில நாவல், ‘பசித்த பேய்கள்’ எனப் பொருள்படும் ‘த ஹங்ரி கோஸ்ட்ஸ்’.

பேராசையால் பெருவயிறும் ஊசித்துளை வாயும் பெற்ற பிரேதங்களின் கதையைப் பேரன் ஷிவனுக்குச் சொல்பவள் பாட்டி. அவள் கொழும்பில் பல வீடுகளுக்குச் சொந்தக்காரி. குடியிருப்போரை வெளியேற்ற அவள் வைத்திருக்கும் அடியாளே, ஷிவனின் காதலன் மிலியின் சாவுக்கும் காரணமாகிறான். இந்த இணைப்பே நாவலின் உயிர் என்போம். ஏழையின் கூரையைப் பறிக்கும் உடைமை வெறி, இரு ஆண்களின் அன்பையும் பாசத்தின் பெயரால் நசுக்குகிறது.

சட்டமும் அவ்வெறிக்குத் துணைபோயிற்று. ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த 1883ஆம் ஆண்டுச் சட்டக்கோவையை 1995இல் திருத்தியவர்கள், அப்பிரிவை நீக்கவில்லை. பெண்களையும் அதனுள் அடக்கினர். கல்முனைக்கும் கொழும்புக்கும் சட்டம் ஒன்றே.

குறையும் உண்டு. வெளியேற்றப்பட்டோரின் துயரம் ஷிவனின் வாய்வழியே வருகிறதேயன்றி, அவர்தம் குரலில் ஒலிக்கவில்லை. எனினும், பாட்டி சொன்ன கதையைக் கொண்டே பேரன் அவளை அளக்கிறான். பழங்கதை உடைமையாளரின் தனிச்சொத்தன்று. கல்முனையில் இலக்கியம் கற்பிப்போரும் கற்போரும் இந்நூலை அஞ்சாது விவாதிப்பார்களாக!