கேட்டவையும் கேட்ட விதமும்

திருக்குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்துமாறும் மௌனம் காக்குமாறும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம் பணிக்கிறது. காதில் ஒலி விழுவதைக் குறிக்க அரபு மொழியில் ‘ஸமிஅ’ என்னும் வினை உண்டு. இவ்வசனத்தில் அவ்வினை ஆளப்படவில்லை. அதே வேரிலிருந்து ‘இஃப்திஆல்’ வாய்பாட்டில் பிறக்கும் ‘இஸ்திமாஉ’ ஆளப்பட்டுள்ளது. இவ்வாய்பாட்டில் வினை அமையும்போது நாட்டமும் முயற்சியும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன. அடுத்து வரும் ‘இன்ஸாத்’ என்பதோ, கேட்பதற்காகவே மேற்கொள்ளும் மௌனம். கால் நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதி விளக்கி வருகிறேன். ஆயினும் என் செவி இப்பாடத்தைக் கற்றிருக்கவில்லை என்பது ஹிஜ்ரி 1446ஆம் ஆண்டில்தான் எனக்குத் தெளிவாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டின் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மேசைமேல் இருந்த கைப்பேசியில் ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் கிராஅத் ஒலித்துக்கொண்டிருந்தது. தாள் கொடுக்க வந்த மாணவர் ஒருவர் சற்றுத் தயங்கி நின்று, “ஹஜ்ரத், ஸஜ்தா ஆயத்து ஓதப்பட்டதே, ஸஜ்தா செய்ய வேண்டாமா?” என்று வினவினார். ஹனஃபி நூல்களில் உள்ள விடையை உடனே சொன்னேன். ஸஜ்தா வசனத்தைக் கேட்க நாடாமலே ஒருவர் செவியுற்றாலும் ஸஜ்தா வாஜிபாகும். ஆனால் மலையிலோ வெட்டவெளியிலோ எழும் எதிரொலியாக அது செவியில் விழுந்தால் வாஜிபாகாது. ஒலிப்பதிவையும் பிற்கால முஃப்திகள் பலர் எதிரொலியின் இனத்திலேயே சேர்த்துள்ளனர் என்றேன். மாணவர் நிறைவோடு சென்றார்.

அவர் சென்ற பின்னர்தான் ஓர் உண்மை என்னைத் தைத்தது. அவர் குறிப்பிட்ட வசனத்தை நான் கேட்கவே இல்லை. நான் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. அச்சட்டம் விலக்களித்தது ஒலிப்பதிவுக்கு. என் கவனமின்மைக்கு எந்த நூலில் விலக்குத் தேடுவேன்?

முஹர்ரம் முதல் பிறையில் ஒரு குறிப்பேடு தொடங்கினேன். எதைக் கேட்டேன், யாருடைய குரல், எங்கே, யாருடன், அவ்வேளையில் வேறென்ன செய்துகொண்டிருந்தேன் என்று ஒவ்வோர் இரவும் எழுதி வைத்தேன். அக்குறிப்பேட்டை ஓராண்டு நிறைந்த பின் படித்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

ஜுனைதின் மூன்று நிபந்தனைகள்

இசையின் மார்க்கத் தீர்ப்பை ஆராய்வது இங்கு என் நோக்கமன்று. இசைக்கருவிகளைப் பற்றி நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் கொண்ட கண்டிப்பும், இப்னு ஹஸ்ம் (ரஹ்) கொண்ட மாற்றுக் கருத்தும் கற்றோர் அறிந்தவை. அவ்விவாதம் பெரும்பாலும் ‘எதைக் கேட்கலாம்’ என்னும் வினாவைச் சுற்றியே நிகழ்ந்துவந்துள்ளது. ‘எவ்வாறு கேட்கிறோம்’ என்னும் வினாவை விரிவாக எழுப்பியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ஆவார்.

இஹ்யாவு உலூமித்தீனின் இரண்டாம் காற்பகுதியில் எட்டாவது நூலாக அமைவது ஸமாஉ பற்றிய நூல். கேட்டலை விலக்கப்பட்டதாக்கும் காரணங்கள் ஐந்தினை இமாமவர்கள் அதில் எண்ணுகிறார்கள். பாடுபவர், கருவி, பாடற்பொருள் ஆகிய மூன்றும் வெளியிலிருந்து வருபவை. எஞ்சிய இரண்டும் கேட்பவரிடத்தே உள்ளவை. ஒன்று, அவர் உள்ளத்தை ஆளும் இச்சை. மற்றொன்று, பொழுதின் பெரும்பகுதியை விழுங்கும் வழக்கமாகவே கேட்டலை ஆக்கிக்கொள்ளுதல். ஓசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொணர்வதில்லை, அங்கே ஏற்கெனவே உள்ளதையே அசைக்கிறது என்பதும் அவர்களின் அடிப்படைக் கருத்தாகும்.

ஜுனைத் அல்பக்தாதி (ரஹ்) அவர்களின் கூற்றொன்றையும் இமாமவர்கள் எடுத்தாள்கிறார்கள். ஸமாஉக்குக் காலம், இடம், தோழர் என்னும் மூன்றும் பொருந்த வேண்டும் என்பது அதன் கருத்து. உணவு வேளையும் தொழுகை வேளையும் உள்ளம் வேறொன்றில் ஈடுபட்டிருக்கும் வேளையும் பொருந்திய காலமல்ல. ஆள் நடமாடும் வழி பொருந்திய இடமல்ல. உள்ளத்தை வேறுபக்கம் திருப்புபவர் பொருந்திய தோழரல்லர் என இமாமவர்கள் விளக்குகிறார்கள். என் குறிப்பேட்டை இம்மூன்றையும் கொண்டு நிறுத்துப் பார்த்தேன். ‘எங்கே’ என்னும் கட்டத்தில் மிகுதியாகக் காணப்பட்ட சொல் பேருந்து. ‘யாருடன்’ என்னும் கட்டம் பெரும்பாலான பக்கங்களில் வெறுமையாக இருந்தது. ‘வேறென்ன செய்தேன்’ என்னும் கட்டம் மட்டும் எங்கும் வெறுமையாக இல்லை.

இரு காரிகள்

ஷைக் ஹுஸரீ (1917–1980) 1961இல் வெளிவந்த முழுக் குர்ஆன் ஒலிப்பதிவினால் உலகப் புகழ் பெற்றவர். ‘முரத்தல்’ முறையில் முழுக் குர்ஆனும் ஒலிப்பதிவானது அதுவே முதன்முறை. லபீப் அஸ்ஸஈத் என்னும் எகிப்திய அறிஞரின் முயற்சியால் விளைந்த அப்பதிவின் நோக்கம் ஓதுமுறையைப் பிழையின்றிப் பாதுகாப்பதும் பயிற்றுவிப்பதுமே. 1964இல் கெய்ரோவில் திருக்குர்ஆனுக்கெனத் தனி வானொலி தொடங்கப்பட்டபோதும் முதலில் ஒலித்தது அவர் குரலே. ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் மக்ரஜை முழுமையாக அளிப்பார். மத்தின் அளவு எங்கும் ஏறாது, குறையாது. அவையோரின் ஆரவாரம் அதில் இல்லை, இருக்க வேண்டியதுமில்லை. தன்முன் ஒரு மாணவர் அமர்ந்து உடன் ஓதுவார் என எண்ணி ஓதப்பட்ட கிராஅத் அது. அதனை விடைத்தாள் திருத்துவதற்குப் பின்னணி ஓசையாக்கிய நான், ஆசிரியரைப் பேசவிட்டு எழுந்து செல்லும் மாணவனை ஒத்திருந்தேன்.

ஷைக் முஸ்தஃபா இஸ்மாயீல் (1905–1978) வேறு வகையினர். அவருடைய புகழ்பெற்ற பதிவுகள் ‘முஜவ்வத்’ முறையில் மஜ்லிஸ்களில் ஓதப்பட்டவை. எகிப்தியக் காரிகளின் மரபுப்படி ‘பயாத்தீ’ மகாமில் தாழ்ந்த குரலில் தொடங்குவார். ஒரே வசனத்தைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் பொருளின் வேறொரு முகம் தோன்றுமாறு மகாம் மாற்றுவார். வசனம் முடிந்ததும் நீண்ட மௌனம். அம்மௌனத்தை நிரப்பிக்கொண்டு அவையோரின் “அல்லாஹ்” என்னும் பெருமூச்சு எழும். அது எழுந்த பின்னரே அடுத்த வசனம் பிறக்கும். இவ்வகைக் கேட்போரை எகிப்தியர் ‘ஸம்மீஆ’ என்பர். மிகுதிப்பாட்டைக் காட்டும் வாய்பாட்டில் அமைந்த சொல் அது; கேட்பதையே ஒரு கலையாகப் பயின்றவர் என்று பொருள்படும். ஓதுபவரின் திறனில் ஒரு பாதி அவர்களிடமிருந்து வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்பதிவுகளையும் பேருந்தில் ஹெட்போன் வழியாகவே கேட்டேன். வசனங்களுக்கு இடைப்பட்ட மௌனம் பொறுக்காமல் பலமுறை பதிவை விரலால் முன்னே தள்ளியிருக்கிறேன் என்று குறிப்பேடு கூறுகிறது. அம்மௌனமே அந்த மஜ்லிஸின் உயிர். அதனைத் தள்ளிவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு சாக்கு

குறிப்பேட்டில் மறைக்க விரும்பிய பக்கங்களும் உண்டு. உம்மு குல்தூமின் (மறைவு 1975) ‘அல்அத்லால்’ அவற்றுள் ஒன்று. மருத்துவரும் கவிஞருமான இப்ராஹீம் நாஜீயின் கவிதைக்கு ரியாழ் அஸ்ஸுன்பாத்தீ இசையமைக்க, 1966இல் அரங்கேறிய பாடல் அது. ‘அத்லால்’ என்றால் காதலி நீங்கிச் சென்ற இடத்தின் சிதைந்த அடையாளங்கள். அவ்விடத்தில் நின்று புலம்பித் தொடங்குவது ஜாஹிலிய்யாக் காலக் கஸீதாக்களின் மரபு. முஅல்லகாத்தைக் கற்பிப்பவன் இம்மரபு இருபதாம் நூற்றாண்டில் எவ்வடிவம் பெற்றது என அறிய வேண்டாவா என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம்.

காரணம் பொய்யன்று. ஓர் இமாமின் மகளாகப் பிறந்து, சிறுவயதில் குர்ஆன் ஓதிப் பழகிய அவருடைய நாவில் அரபு எழுத்துகள் பெறும் திருத்தம் வேறு பாடகர்களிடம் அரிது. ஓர் அடியை எத்தனை முறை பாடினாலும் சொல்லின் பொருள் சிதைவதில்லை. ஒவ்வொரு முறையும் அழுத்தம் வேறொரு சொல்லுக்கு இடம்பெயர்கிறது. இஃராபின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் இல்லை. ஆயினும் இரண்டாம் மாதத்திலேயே அக்கவிதை எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அதன் பின்னும் நான் கேட்டேன். அப்போது கேட்டது கவிதையை அன்று. ‘தரபு’ என்னும் சொல்லுக்கு, பெருமகிழ்ச்சியாலோ பெருந்துயராலோ ஒருவரை ஆட்கொள்ளும் சிலிர்ப்பு என்று அகராதி ஆசிரியர்கள் பொருள் கூறுவர். அச்சிலிர்ப்பையே நாடினேன். இச்சையையும் வழக்கத்தையும் எண்ணிய இமாம் கஸ்ஸாலி, இப்பக்கங்களை முன்கூட்டியே படித்தவர்கள் போல எழுதியிருக்கிறார்கள். ஸஃபர் மாத முடிவில் அப்பதிவைக் கைப்பேசியிலிருந்து நீக்கினேன். மறுமாதமே அதனை யூடியூபில் தேடினேன் என்பதையும் எழுதியாக வேண்டும்.

கூட்டத்தின் குரல்

நாகூர் ஈ. எம். ஹனீஃபா (1925–2015) அவர்களை இவ்வரிசையில் சேர்ப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நுட்பமான சங்கதிகளால் அவர் பெயர் பெறவில்லை. கணீரென்ற குரலில், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் முழுமையாகக் கொண்டுசேர்ப்பதே அவர் கலை. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் புகழ்பெற்ற பாடலின் பெயரே முன்னிலைப் பன்மையில் அமைந்த ஏவல். அது ஓர் அவையை நோக்கிப் பேசுகிறது. மணவீட்டுப் பந்தலிலும் தெருமுனை ஒலிபெருக்கியிலும் அதனைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. பிற சமயத்தாரும் அதனைத் தமதாகவே கருதினர். அப்பாடலைக் காதுக்குள் மட்டும் ஒலிக்கவிட்டுக் கேட்டபோது, ஊருக்கு எழுதிய கடிதத்தை நான் ஒருவனே பிரித்துப் படிப்பது போன்ற கூச்சம் உண்டாயிற்று.

இமாம் பூஸீரீ (ரஹ்) அவர்களின் கஸீதத்துல் புர்தாவிலும் இதே உண்மையைக் கண்டேன். ‘பஸீத்’ யாப்பில், மீம் எழுத்தில் முடியும் இயைபோடு அமைந்த 13ஆம் நூற்றாண்டுக் கஸீதா அது. அதே யாப்பையும் இயைபையும் பின்பற்றி அஹ்மத் ஷவ்கீ இயற்றிய ‘நஹ்ஜுல் புர்தா’வை 1940களில் உம்மு குல்தூம் பாடினார். அப்பதிவைப் பலமுறை கேட்டேன். இசை நுட்பத்தில் அதற்கு ஈடு காண்பது கடினம். ரபீஉல் அவ்வலில் ஒரு கடற்கரை ஊரில் புர்தா மஜ்லிஸில் அமர்ந்தேன். அங்கே சுருதி பலருக்குச் சேரவில்லை. முதியவர் ஒருவர் எப்போதும் அரை அடி பிந்தியே ஓதினார். ஆயினும் ஒவ்வோர் அடிக்கும் அவையோர் சேர்ந்து ஸலவாத்தை எடுத்தபோது என் வாயும் திறந்தது. வீட்டில் ஷவ்கீயின் கஸீதாவை அத்தனை முறை கேட்டும் ஒருமுறையேனும் நான் ஸலவாத்துச் சொன்னதாகக் குறிப்பேட்டில் இல்லை. திருத்தமான கலைக்கு நான் கேட்போனாக இருந்தேன். திருத்தமற்ற மஜ்லிஸ் என்னை ஓதுவோருள் ஒருவனாக்கிற்று.

வெற்றுப் பக்கங்கள்

ரமழான் மாதத்துப் பக்கங்கள் ஏறக்குறைய வெறுமையாக உள்ளன. கைப்பேசியில் கேட்டவற்றையே எழுதி வந்தமையால் அவ்வாறு நேர்ந்தது. உண்மையில் அம்மாதத்தில்தான் நான் மிகுதியாகக் கேட்டேன். தராவீஹில் முப்பது ஜுஸ்உவையும் இளம் ஹாஃபிழ் ஒருவரின் பின்னே நின்று கேட்டேன். அவர் குரலில் குறிப்பிடத்தக்க இனிமை இல்லை. விரைவாக ஓதினார், சில இடங்களில் மூச்சுத் திணறினார், ஓரிரு இடங்களில் பின்னிருந்தவர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. விரும்பிய அத்தியாயத்தை நான் தேர்ந்தெடுக்கவும், விரும்பாத இடத்தைத் தள்ளவும் அங்கு வழியில்லை. காலத்தையும் இடத்தையும் தோழரையும் நான் அமைக்கவில்லை. அவை எனக்காக அமைக்கப்பட்டிருந்தன.

ஸஜ்தா அத்தியாயத்தின் 15ஆம் வசனம் வந்தபோது ஹாஃபிழ் சட்டெனத் தக்பீர் கூறிப் பணிந்தார். அவருடன் நாங்கள் அனைவரும் பணிந்தோம். முந்திய ஆண்டின் இறுதியில் மேசையருகே நின்ற மாணவரும் என் வரிசையிலேயே, இரண்டு பேருக்கு அப்பால் நின்றிருந்தார். அவருக்கு அந்தப் பிற்பகல் நினைவிருந்ததோ என்னவோ. எனக்கு இருந்தது.

ஒலிப்பதிவுகளை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஹுஸரீயின் பதிவு இல்லையேல் என் மாணவர் பலரின் ஓதல் இன்னும் குறையுடையதாகவே இருந்திருக்கும். மறைந்துபோன பெரும் காரிகளை நமக்குக் காட்டுவதும் இப்பதிவுகளே. ஆனால் எதிரொலிக்கும் ஓர் ஒழுக்கம் வேண்டும். இவ்வாண்டு குறிப்பேடு எழுதவில்லை. கிராஅத்தைத் தொடங்கும்போது கையிலுள்ள பேனாவைக் கீழே வைப்பது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். வைக்க இயலாத நேரத்தில் கிராஅத்தை நிறுத்திவிடுகிறேன். இதனால் நான் கேட்பது மிகவும் குறைந்துவிட்டது. செவிதாழ்த்திக் கேட்பதன் தொடக்கம் இக்குறைவாகவும் இருக்கலாம். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.