ஒரு மணி நேரத்துத் தெரு

ஓர் ஊரைப் பற்றி எழுதுகிறவன் அந்த ஊரில் எத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு 1914-ல் அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்து மலையூர் ஒன்று வேடிக்கையான பதில் சொல்லிற்று. ‘கோலியர்ஸ்’ வாரப் பத்திரிகைக்காக நாடு சுற்றி வந்த ஜூலியன் ஸ்ட்ரீட் என்ற எழுத்தாளர் கிரிப்பிள் கிரீக் என்ற அந்தத் தங்கச் சுரங்க ஊரில் கொஞ்ச நேரம் இறங்கினார். ஒரு மணி நேரம் என்பார்கள். அந்த நேரத்தில் அவர் கண்ணில் பெரிதாகப் பட்டது மயர்ஸ் அவென்யூ என்ற வேசித் தெரு. அதையே எழுதினார். ஊர் கொதித்தது. பிறகு நகரசபை அந்தத் தெருவுக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டது! ‘ஸ்ட்ரீட்’ என்றாலே தெருதான். பெயர் கச்சிதமாகப் பொருந்தியது. விமர்சகர்களுக்கு இப்படி ஒரு பதில் வேறெங்கும் கிடைத்திருக்காது.

சிரித்துவிட்டு விஷயத்துக்கு வருவோம். கிரிப்பிள் கிரீக் பைக்ஸ் பீக் மலைக்குப் பின்னால் சுமார் 9,500 அடி உயரத்தில் இருக்கிறது. 1890-ல் பாப் வாமக் என்ற மாட்டுக்காரர் அங்கே தங்கம் கண்டார். கண்டதைச் சொற்ப விலைக்கு விற்றுவிட்டு ஏழையாகவே செத்தார். நிலம் டென்வர் நகரத்து வியாபாரிகள் இருவருடையது. பென்னட், மயர்ஸ் என்று அவர்கள் தங்கள் பெயரையே தெருக்களுக்கு வைத்தார்கள். பென்னட் பெயருக்கு வங்கியும் கடைகளும் வாய்த்தன. அடுத்த தெருவில் மயர்ஸ் பெயருக்கு நடனசாலைகளும் விலைமாதர் வீடுகளும் வாய்த்தன. கூட்டு வியாபாரத்தில் பங்கு பிரிவது எப்போதும் சமமாக இருப்பதில்லை. 1896 ஏப்ரலில் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு பெருந்தீ ஊரை அழித்தன. முதல் தீ மயர்ஸ் அவென்யூ நடனசாலை ஒன்றில் நடந்த சண்டையில் அடுப்பு கவிழ்ந்து பற்றியது என்பார்கள். ஊர் செங்கல்லில் மறுபடி எழுந்தது. அந்தத் தெருவும் கூடவே எழுந்தது.

ஒரு தெரு என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு படிக்கட்டு. மேல்படியில் பியானோவும் பட்டுத்திரையும் உள்ள மாளிகைகள். பணக்காரர்களுக்கு மட்டும் கதவு திறக்கும். கீழ்ப்படியில் ஒற்றையறைக் குடில்கள்: ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தெருவைப் பார்த்த ஜன்னல், கதவில் எழுதிய ஒரு பெண் பெயர், அதுவும் பெரும்பாலும் சொந்தப் பெயரல்ல. வயதும் நோயும் ஏற ஏற ஒருத்தி மேல்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்குவாள். ஏறியவள் அபூர்வம். மாதாமாதம் இவர்களிடம் அபராதம் என்ற பெயரில் நகரசபை வசூலித்துக்கொண்டிருந்தது. ஸ்ட்ரீட் மீது சினந்த கனவான்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல.

அவருடைய கட்டுரைகள் அதே 1914-ல் ‘அப்ராட் அட் ஹோம்’ என்ற புத்தகமாக வந்தன. கிரிப்பிள் கிரீக் அத்தியாயத்தை நான் முதலில் எரிச்சலுடன்தான் படித்தேன். பள்ளிக்கூடமும் கோயிலும் சுரங்கத் தொழிலாளிகளின் குடும்பங்களும் உள்ள ஊரை ஒரே தெருவாகச் சுருக்குவது எழுத்தாளனின் சோம்பல். அவர் போனபோது தங்கத்தின் உச்சகாலமும் கழிந்துவிட்டது; வாடிய தெருவைப் பார்த்துவிட்டு அதுவே ஊர் என்றார். தம்முடன் பேசிய ‘மேடம் லியோ’ என்பவளை அப்படியே அச்சிலேற்றி ஊர் பார்க்க நிறுத்தியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் மறுமுறை படித்தபோது ஒன்று தோன்றியது. அவர் கீழ்ப்படியைப் பார்த்திருக்கிறார். கதவில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்திருக்கிறார். அங்கே நின்றவளுக்குத் தங்க இதயம் எதையும் பொருத்தவில்லை.

இந்தத் தங்க இதயம் பிரெட் ஹார்ட்டின் உபயம். 1869-ல் அவர் எழுதிய ‘போக்கர் பிளாட்டின் பிரஷ்டர்கள்’ கதையில், ஊரை விட்டுத் துரத்தப்பட்ட வேசி ஒருத்தி பனியில் தன் உணவை ஓர் இளம்பெண்ணுக்காக ஒதுக்கி வைத்துவிட்டுப் பட்டினியால் சாகிறாள். நல்ல கதை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மேற்கத்திய எல்லைப்புறக் கதைகளில் வேசிக்கு இரண்டே வேலை: தியாகம் செய்வது, சாவது. வாசகரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் செத்துவிட்டாள் என்ற நிம்மதியோடு தூங்கப் போகலாம்.

கிரிப்பிள் கிரீக்கும் அதே அச்சில் ஒரு பொம்மை வார்த்துக்கொண்டது. ‘ஓல்டு ஹோம்ஸ்டெட்’ என்ற மாளிகையை நடத்திய பெர்ல் டிவியர் 1897 ஜூனில் ஒரு விருந்துக்குப் பிறகு மார்பியா மிஞ்சி இறந்தாள். தங்கையைத் தையற்காரி என்றே நம்பியிருந்த அக்கா பிணத்தைப் பார்க்க வந்து, உண்மை தெரிந்து உதறிவிட்டுப் போனாளாம். முகமறியாத ஒருவர் பணம் அனுப்பினாராம். ஊரே பாண்டு வாத்தியத்தோடு அடக்கம் செய்ததாம். இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு சொல்லிச் சொல்லி வளர்ந்தது என்று பிரிப்பது கஷ்டம். மேபல் பார்பி லீ 1958-ல் எழுதிய ‘கிரிப்பிள் கிரீக் டேஸ்’ என்ற நினைவுக் குறிப்பு எனக்குப் பிடித்த புத்தகம். ஆயினும் அவரும் அந்த ஊரில் சிறுமியாக வளர்ந்து, அந்தத் தெருவை வெளியிலிருந்து பார்த்தவர்தான். உள்ளே இருந்தவளின் குரல் அதிலும் இல்லை.

மார்பியா என்ற சொல்லைக் கவனியுங்கள். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை. கதை சொல்கிறவர்களோ அவள் உடுத்தியிருந்த விலையுயர்ந்த கவுனைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். மேல்படியில் இருந்தவளுக்கே மார்பியா தேவைப்பட்டது என்றால், கீழ்ப்படியில் இருந்தவர்கள் எதை நம்பி விடியும்வரை விழித்திருந்தார்கள் என்று ஒரு நாவலாசிரியன் கேட்டிருக்க வேண்டாமா?

1991-ல் ஊரில் சட்ட அனுமதியோடு சூதாட்டம் தொடங்கியது. பென்னட் அவென்யூவின் பழைய கட்டிடங்களில் சூதாட்ட யந்திரங்கள் நிற்கின்றன. ஓல்டு ஹோம்ஸ்டெட் அருங்காட்சியகமாக இருக்கிறது. பெர்ல் டிவியர் சமாதியில் பின்னாளில் இதய வடிவத்தில் பளிங்குக்கல் வைத்தார்கள். கீழ்ப்படிக் குடில்கள் பெரும்பாலும் போய்விட்டன, கதவில் எழுதிய பெயர்களோடு. தெருவுக்கும் மயர்ஸ் என்ற பழைய பெயரே திரும்பிவிட்டது.