எடைமேடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி

மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடைகளில் எனக்குப் பிடித்தது, யார் கண்ணிலும் படாத கன்வெர்ட்டர்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.

எடை காட்டும் கருவி பேசுவது பெரும்பாலும் ஆர்எஸ்-232. தரவு அனுப்ப 1960-இல் அமெரிக்காவில் வகுத்த தரம். சுமார் 15 மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது. பில் போடும் கம்ப்யூட்டரோ முற்றத்தின் மறுகோடியில். அதனால் இரு முனையிலும் ஒரு கன்வெர்ட்டர் வைத்து, நடுவில் ஆர்எஸ்-485 என்ற இன்னொரு தரத்தில் ஓட்டுகிறார்கள். 1,200 மீட்டர் வரை போகும்.

ஆர்எஸ்-485-இன் அழகு முறுக்கிய இரண்டு கம்பிகளில் இருக்கிறது. பக்கத்தில் வெல்டிங் நடந்தாலும் மோட்டார் ஓடினாலும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறும்; வாங்கும் முனை இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகும். எவ்வளவு எளிய யோசனை!

பொருத்துபவரின் கைநேர்த்தியும் பார்க்கத் தக்கது. நீண்ட கேபிளின் இரு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைப்பார், சிக்னல் மோதித் திரும்பாமலிருக்க. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வார். ஏ, பி என்ற குறியைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிப் போடுவதால், எடை வராவிட்டால் முதலில் அந்த இரண்டு கம்பிகளை மாற்றிப் பார்ப்பார். இங்கே கடற்காற்றில் செம்பில் சீக்கிரம் களிம்பேறும். நல்ல ஆளாக இருந்தால் கம்பி நுனிகளுக்கு லக் போட்டு அழுத்தி, பெட்டியின் கேபிள் துளைகளையும் இறுக்கி அடைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.