துடைப்பம் தொங்கும் வாசலும் 'மொண்டோவினோ'வும்

ஷ்டுட்கார்ட்டுக்கு முதுகலை படிக்கப் போனபோது அது கார் கம்பெனிகளின் ஊர் என்றுதான் நினைத்திருந்தேன். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால், எதிர்ச் சரிவில் திராட்சைத் தோட்டம்! நகரத்துக்கு நடுவிலேயே திராட்சை விளைகிற ஊர் அது.

அந்த அக்டோபரில், கூடப் படித்த ஒருவன் உல்பாக் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். வாசலில் ஒரு துடைப்பம் தொங்கியது. துடைப்பம் தொங்கினால் உள்ளே ஒயின் உண்டு என்று அர்த்தம். அந்த இடத்துக்குப் பேரே 'பேசன்', அதாவது துடைப்பம். தோட்டக்காரர் தன் சொந்த ஒயினைத் தன் வீட்டிலேயே ஊற்றிக்கொடுக்கலாம். ஆனால் வருஷத்துக்கு 4 மாதம்தான் திறக்கலாம், 40 இருக்கைக்கு மேல் போடக்கூடாது. இடம் கிடைத்த மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு ஒட்டி உட்கார வேண்டும். கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் ட்ரோலிங்கர் வந்தது. வெளிர்சிவப்பு, லேசான புளிப்பு, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. "இதை வெளியூருக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். ஊற்றிய அம்மா சிரித்தார்: "எதுக்கு அனுப்பணும்? நாங்களே குடிச்சிடறோமே."

ஜோனதன் நாசிட்டரின் 'மொண்டோவினோ' ஆவணப்படத்தை அதே குளிர்காலத்தில் பார்த்தேன். 2004 கான் விழாவில் போட்டிப் பிரிவில் இருந்த படம். அதன் வாதம் நேரடியானது. ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகர் ஒயினுக்கு 100க்கு மதிப்பெண் போடுகிறார். மிஷல் ரோலான் என்ற ஆலோசகர் நாடு நாடாகப் போய், அந்த மாதிரி மதிப்பெண் வாங்கும் ஒயினைச் செய்யச் சொல்லித் தருகிறார். கலிஃபோர்னியாவின் மொண்டாவி குடும்பம் போன்ற பெரிய முதலாளிகள் ஊர் ஊராக நிலம் தேடுகிறார்கள். கடைசியில் எல்லா ஊர் ஒயினும் ஒரே ருசிக்கு வந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் பர்கண்டியில் யூபர் தெ மோந்தியும், தென்பிரான்ஸின் அனியானில் எமே கிபேரும். மொண்டாவி அனியானில் காட்டை வெட்டித் தோட்டம் போட வந்தபோது ஊர் எதிர்த்தது, திட்டம் கைவிடப்பட்டது.

அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. ஸ்டார் ரேட்டிங் பார்த்தே ஹோட்டலையும் புத்தகத்தையும் தேர்ந்தெடுக்கிற தலைமுறை நாம். ஒரு எண் எப்படி ருசியையே மாற்றும் என்று எனக்குப் புரியவைத்த முதல் படம் அது. அந்த விஷயத்தில் இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன். கையில் ஆடும் கேமரா, பேட்டிக்கு நடுவில் சட்டென்று நாய்களின் பக்கம் திரும்பிவிடும் குறும்பு இதெல்லாம் இன்றும் பிடிக்கிறது.

ஆனால் சமீபத்தில் மறுபடி பார்த்தபோது உறுத்தியது. கிபேர் அந்த மண்ணில் பரம்பரையாக விவசாயம் பார்த்தவரில்லை. மியோ ஊரில் கையுறைத் தொழில் நடத்தியவர், 1970களில்தான் அங்கே தோட்டம் போட்டார். போட்டதும் உள்ளூர் ரகமல்ல, முக்கியமாக போர்தோவின் கபர்னே சாவினியோன். மண்ணைப் பார்த்துச் சொன்னவர் போர்தோ பேராசிரியர். ஒயின் செய்ய வழிகாட்டிய எமில் பெய்னோவும் போர்தோக்காரர்தான், அந்தக் காலத்தின் பெரிய ஆலோசகர். இதில் தப்பே இல்லை, அது நல்ல தோட்டம். ஆனால் ஆலோசகர் வில்லன், மண்ணின் மைந்தன் நாயகன் என்று கோடு போடுகிற படம், இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டாமா? நான் குடித்த ட்ரோலிங்கர்கூட ஆல்ப்ஸைத் தாண்டி, தெற்கு டிரோல் பக்கமிருந்து வந்த ரகம்தான். பேரிலேயே டிரோல் இருக்கிறது என்பார்கள்.

இன்னொரு உறுத்தல். நாப்பா பகுதிக்குப் போகும்போது படம் மெக்சிகோ கூலியாட்களைப் பற்றிப் பேச்செடுக்கிறது, பணக்கார முதலாளியம்மாவை நெளியவைக்கிறது. பர்கண்டியில் அந்தக் கேள்வியின் சூடு இல்லை. அங்கே அப்பா, மகன், மகள், பாதாள அறை. தனக்குப் பிடித்தவர்களிடம் நாசிட்டர் கணக்குக் கேட்பதில்லை.

இதை எழுதும்போது நம்ம ஊர் மதிப்புரைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒரு வட்டார நாவல் வந்தால் 'மண்வாசனை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த மண்ணில் யார் உழுதார்கள், யாருக்குப் பட்டா இருந்தது என்று நாவலே சொல்லியிருந்தாலும் மதிப்புரை அந்தப் பக்கமே போவதில்லை. மண்வாசனையும் ஒருவகை 100 மதிப்பெண்தான். பார்க்கர் எண்ணில் சொன்னதை நாம் வாசனையில் சொல்கிறோம்.

நெக்கார் ஆற்றுச் சரிவுகளில் சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள் உண்டு. அந்தச் சுவர்கள் நின்றால்தான் படிப்படியான தோட்டம் நிற்கும். பெரிய இயந்திரம் ஏறாது, எல்லாமே கைவேலை. சமவெளியில் விளைவதைவிடப் பல மடங்கு உழைப்பு, அதற்கேற்ற விலையோ கிடைப்பதில்லை. அதனால் பல சரிவுகள் புதர் மண்டிக் கிடக்கின்றன. அவற்றைக் கைவிட வைத்தது எந்த வெளிநாட்டு விமர்சகரும் இல்லை.

'மொண்டோவினோ'வைக் கண்டிப்பாகப் பாருங்கள், அதன் கோபம் நியாயமானது. ஆனால் நான் காத்திருப்பது வேறொரு படத்துக்காக. மகத்தான ஒயினும் இல்லாத, மோசமான ஒயினும் இல்லாத ஒரு வீட்டுக்குள் போய், மழைக்குச் சரிந்த சுவரை அடுத்த வருஷம் யார் அடுக்கப்போகிறார்கள் என்று கேட்கிற படம். அந்தத் துடைப்பம் தொங்கிய வீட்டில் நானும் அதைக் கேட்கவில்லை. இன்னொரு கால் லிட்டர்தான் கேட்டேன்.